கம்ப்யூட்டர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து போகாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்? ராம் இவ்வளவு போதுமா? தமிழில் டைப் செய்ய என்ன வழி? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "இந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளில் எத்தனை முறை என்னைக் கூப்பிடும்? ஒவ்வொரு முறையும் நான் போக வேண்டுமா?"

கலகலப்பாகப் பேசிப் பழகும் இயல்பு உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் அவர்களுக்கு உற்சாகம்தான். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. நாலு பேரோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும் என்று தோன்றுபவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன். ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இன்ஜினியராக வேலை செய்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதால், இந்த இயந்திரம் நம் தெம்பை எங்கே எடுக்கிறது, எங்கே மிச்சப்படுத்துகிறது என்று கவனித்திருக்கிறேன். அதைப் பற்றிய என் கருத்துதான் இந்தக் கட்டுரை.

கூச்சம் வேறு, இது வேறு

இன்ட்ரோவெர்ட் என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. இதையும் இதற்கு எதிரான எக்ஸ்ட்ரோவெர்ட் என்ற சொல்லையும் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். மனித மன வகைகளைப் பற்றி 1921-ல் அவர் வெளியிட்ட நூலில் இவற்றை விளக்கினார். நம் ஊரில் இதற்கு வழங்கும் பெயர்கள் அவ்வளவு மரியாதையாக இல்லை. உம்மணாமூஞ்சி, ஒட்டாதவன், கொஞ்சம் வசதி வந்துவிட்டால் திமிர் பிடித்தவன்.

பலர் இதைக் கூச்சத்தோடு குழப்பிக் கொள்கிறார்கள். கூச்சம் என்பது நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நான் சொல்வது பயம் அல்ல, களைப்பு. மேடையில் நன்றாகப் பேசிவிட்டு, இறங்கியதும் யாரும் இல்லாத அறையைத் தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் இல்லை. எப்போது, எவ்வளவு நேரம், யாரோடு என்பதைத் தாங்களே முடிவு செய்ய முடிந்தால் நன்றாகவே பழகுவார்கள். அந்த முடிவு கை நழுவிப் போகும்போதுதான் சோர்ந்து போகிறார்கள்.

பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்

இந்தக் களைப்பை விளக்கப் பலரும் பேட்டரியை உதாரணம் சொல்வார்கள். எனக்கு அதைவிட டாஸ்க் மேனேஜர் பொருத்தமாகத் தெரிகிறது. உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு பட்டியல் வரும். நீங்கள் திறந்தது ஒரு பிரவுசர் மட்டும்தான். ஆனால் பட்டியலில் ஏராளமான புரோகிராம்கள் ஓடிக் கொண்டிருக்கும். திரையில் எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மெமரியைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் மனதிலும் இதுதான் நடக்கிறது. காலையில் பார்த்துவிட்டுப் பதில் போடாத ஒரு மெசேஜ், "அப்புறம் கூப்பிடு" என்று வந்த ஒரு வரி, பள்ளி நண்பர்கள் குரூப்பில் ஏறிக்கொண்டே போகும் எண், ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டவருக்கு இன்னும் சொல்லாத பதில். எதையும் நாம் செய்து கொண்டிருக்கவில்லை. எல்லாம் பின்னணியில் ஓடுகின்றன. சாயங்காலம் யாரோடும் பேசாமலேயே ஏன் இவ்வளவு அலுப்பு என்று யோசித்தால், காரணம் இங்கேதான் இருக்கும்.

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கிளோரியா மார்க், வேலை நடுவே வரும் குறுக்கீடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். 2008-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு வியப்பானது. குறுக்கீடு செய்யப்பட்டவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அந்த வேகத்துக்காக அதிக மன அழுத்தம், எரிச்சல், அவசர உணர்வு ஆகியவற்றை அனுபவித்தார்கள். "வேலைதான் முடிந்துவிட்டதே, பிறகென்ன களைப்பு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வேலை முடிந்ததற்குக் கொடுத்த விலை வெளியே தெரியாது.

செட்டிங்ஸ் யாருக்காக?

என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். ஒரு புதிய கம்ப்யூட்டரையோ போனையோ பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதில் இருக்கும் செட்டிங்ஸ், பேச விரும்புகிறவருக்குச் சாதகமாகவே பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. பேசப்படுகிறவரின் வசதி பிறகுதான் வருகிறது.

வாட்ஸ்அப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். அது 2009-ல் தொடங்கியது. கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று காட்டும் லாஸ்ட் சீன் நேரத்தை மறைக்கும் வசதி 2014-ல்தான் பரவலாகக் கிடைத்தது. செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கும் அதே 2014-ன் கடைசியில் வந்தது. அதை நிறுத்தும் வசதி அதன்பின் கொடுக்கப்பட்டது. உங்களைக் கேட்காமல் யாரும் எந்த குரூப்பிலும் சேர்ப்பதைத் தடுக்கும் வசதி 2019-ல் வந்தது. இப்போது ஆன்லைனில் இருக்கிறீர்கள் என்பதை மறைக்கவும், குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறவும் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது அமைதி விரும்புபவர்களுக்கான வசதிகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. இன்றும் அவற்றில் பல, நீங்களே தேடிப் போய் மாற்றினால்தான் வேலை செய்யும்.

பழைய யாஹூ மெசஞ்சரில் இன்விசிபிள் என்று ஒரு நிலை இருந்தது நினைவிருக்கலாம். நீங்கள் உள்ளே இருப்பீர்கள், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த மெசஞ்சர் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. அது குற்றமும் அல்ல, ஒளிவுமறைவும் அல்ல. வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே சாப்பிடுவது போன்றதுதான்.

என்ன மாற்றலாம்?

கீழே உள்ளவை எல்லாம் சில நிமிட வேலைகள். செலவு எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் மறுபடி பழையபடி மாற்றிக் கொள்ளலாம்.

1. விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்ற வரிசையில் திறந்திடுங்கள். அங்கே டூ நாட் டிஸ்டர்ப் இருக்கும். அதை இயக்கினால் திரையின் மூலையில் செய்திகள் எட்டிப் பார்க்காது. அவை அழிந்து போவதில்லை, நீங்கள் திறந்து பார்க்கும்வரை பட்டியலில் காத்திருக்கும். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தானாக இயங்கும்படியும் அமைக்கலாம். நான் இரவு 8 முதல் காலை 8 வரை வைத்திருக்கிறேன்.

2. பிரவுசரில் சில தளங்கள் "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்கும். புதியவர்கள் பலர், அனுமதி கொடுத்தால்தான் தளம் திறக்கும் என்று நினைத்து அலோ என்பதில் கிளிக் செய்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டாலும் செய்தித் தளம், கடைத் தளம் எல்லாம் வழக்கம்போல் திறக்கும். குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று சென்றால் இதுவரை அனுமதி பெற்ற தளங்களைப் பார்த்து நீக்கலாம்.

3. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பிரிவுக்குச் செல்லுங்கள். லாஸ்ட் சீன், ஆன்லைன் இரண்டையும் அங்கே மறைக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அதுவும் ஒரு லாபம்தான். அதே பிரிவில் குரூப்ஸ் என்பதைத் திறந்து, உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

4. வெளியேற முடியாத குரூப்கள் சில உண்டு. குடும்ப குரூப்பை விட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவற்றை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். புதிய செய்தி வந்தாலும் மேலே வந்து நிற்காது. நேரம் கிடைக்கும்போது நீங்களாகப் போய்ப் பார்க்கலாம்.

5. இரவு 11 மணிக்கு நிதானமாகக் கடிதம் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஜிமெயிலில் 2019 முதல் இருக்கும் ஷெட்யூல் சென்ட் வசதியைப் பயன்படுத்துங்கள். சென்ட் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை கிளிக் செய்தால் கிடைக்கும். நீங்கள் இரவில் எழுதியது மறுநாள் காலை 9 மணிக்குப் போய்ச் சேரும். நமக்கு வேண்டிய அமைதியை அடுத்தவருக்கும் தர வேண்டும் அல்லவா?

நீல டிக்கை மட்டும் நான் நிறுத்தவில்லை. எங்கள் அம்மா ஊரில் இருக்கிறார். இரவில் "சாப்பிட்டாயா" என்று ஒரு செய்தி அனுப்புவார். நான் பதில் போடாமல் தூங்கிவிட்டாலும், டிக் நீலமாக மாறியிருந்தால் பையன் அறைக்கு வந்துவிட்டான் என்று அவரும் தூங்கப் போவார். ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரை நிம்மதியாகத் தூங்க வைக்க முடிகிறது என்றால், அந்த வசதியை ஏன் விட வேண்டும்? எனவே எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கொண்டு நிறுத்தாதீர்கள். யாருக்கு எது தேவை என்று பார்த்துச் செய்யுங்கள்.

மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்

செட்டிங்ஸை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, மாற்றியதை வேண்டியவர்களிடம் சொல்வது. சொல்லாமல் மௌனமானால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கோபம். என் சித்தப்பா ஒருமுறை, "மெசேஜைப் பார்த்துட்டு பதில் போடாத அளவுக்குப் பெரிய ஆள் ஆயிட்டியாடா?" என்று கேட்டார். அவர் வளர்ந்த விதத்தில் அது நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் இருப்பதும், மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் அவருக்கு ஒன்றுதான். நான் அவரிடம் சொன்னது இதுதான்: "சித்தப்பா, மெசேஜை நான் ராத்திரிதான் பார்ப்பேன். அவசரம்னா போன் பண்ணுங்க, எந்த நேரமானாலும் எடுப்பேன்." அதற்குப் பிறகு அவர் வருத்தப்படவில்லை. சும்மா ஒரு வணக்கத்துக்கு மெசேஜ், விஷயம் என்றால் போன் என்று அவரே பிரித்துக் கொண்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம். அவர் போன் செய்தால் நான் எடுத்தே ஆக வேண்டும்.

வீடியோ கூட்டங்கள்

2020 மார்ச் மாத ஊரடங்குக்குப் பிறகு வீடியோ கூட்டம் என்பது அலுவலகத்தோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வளைகாப்பு முதல் பிறந்தநாள் வரை எல்லாம் திரையில் நடந்தன. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தும் ஏன் அவ்வளவு களைப்பு என்று பலர் யோசித்தார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் நான்கு காரணங்களை முன்வைத்தார். திரையில் முகங்கள் மிக அருகில் வந்து நம்மையே பார்ப்பது போல் இருப்பது, நம் முகத்தையே நாம் பார்த்துக் கொண்டிருப்பது, நகர முடியாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, தலையாட்டல் போன்ற சாதாரண குறிப்புகளைக்கூட முயன்று செய்ய வேண்டியிருப்பது.

இவற்றில் இரண்டுக்கு உடனே தீர்வு உண்டு. ஜூம் புரோகிராமில் உங்கள் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ஹைட் செல்ப் வியூ கொடுத்தால், மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் உங்கள் முகம் தெரியாது. முழுத் திரையில் இல்லாமல் விண்டோவைச் சிறிதாக்கி வைத்தால் முகங்களும் சற்றுத் தள்ளிப் போகும்.

அலுவலகத்தில் எழுத்து கை கொடுக்கும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த ஆண்டு மதிப்பீட்டில், வேலை நன்று, கூட்டங்களில் பங்களிப்பு குறைவு என்று எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் யார் முதலில் குரல் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் விஷயம் தெரியும் என்று எடுத்துக் கொள்ளும் பழக்கம் எங்கும் இருக்கிறது. யோசித்துப் பேசுபவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த தலைப்பு வந்துவிடும். அதற்காக நான் சத்தமாகப் பேசக் கற்றுக் கொள்ளவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாளே என் கருத்தை ஐந்து வரியில் ஈமெயில் அனுப்பத் தொடங்கினேன். மறுநாள் கூட்டத்தில், "நீங்க எழுதியிருந்தீங்களே, அதைச் சொல்லுங்க" என்று மற்றவர்களே கேட்டார்கள். அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அந்த வரி இல்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமேசான் நிறுவனத்தில் 2004-ல் ஜெஃப் பெசோஸ், உயர் அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதில் எழுதப்பட்ட குறிப்பைக் கொண்டுவரச் செய்தார். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அறிவித்தார். உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் எழுத்து மூலமாகவே பேசி அதை வளர்த்தார்கள். எழுதிப் பழகுவதும் பழக்கம்தான். பேச்சுக்கு இரண்டாம்தரம் அல்ல.

ஒளிந்து கொள்ள அல்ல

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அறைக்குள் இருக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் மனிதர்களைப் பிரிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. சத்தத்தை நிறுத்தியவர், மிச்சமான தெம்பை இன்னொரு வீடியோவிலும் இன்னொரு கேமிலும் செலவழித்தால், அவருக்கு அமைதியும் இல்லை, மனிதர்களும் இல்லை. மிச்சம் பிடித்ததை யாருக்காவது கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் செய்வதைச் சொல்கிறேன். மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், எப்போ கல்யாணம்" என்ற கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்வது எனக்கு முடியாத காரியம். பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக் கொள்வேன். இருநூறு பேரையும் பார்த்தாகிவிடும், ஆளுக்கு ஒரு வார்த்தை பேசியாகிவிடும், யாருக்கும் மனக்குறை இல்லை. கல்யாணம் முடிந்த வாரம் போட்டோக்களை எல்லாம் வாங்கி, கம்ப்யூட்டரில் ஆளாளுக்கு ஒரு போல்டர் போட்டுப் பிரிப்பேன். குரூப்பில் மொத்தமாகக் கொட்டுவதில்லை. அத்தைக்கு அத்தையின் படங்கள், பெரியப்பாவுக்கு அவர் படங்கள், கூடவே இரண்டு வரி. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் அனுப்புவதில்லை. "எனக்குன்னு தனியா எடுத்து அனுப்பினியே" என்று அத்தை போன் செய்தால் அரை மணி நேரம் பேசுவேன். அந்த அரை மணி நேரம் எனக்குக் களைப்பாக இருப்பதில்லை.

கலகலப்பானவர் ஒரு மாலையில் முப்பது பேரோடு பழகிவிடுகிறார். நமக்கு அதே முப்பது பேரோடு பழக ஒரு மாதம் ஆகலாம். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் நம் கையில் இருக்க வேண்டும்.

எனவே இன்று இரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேலே சொன்னவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். மாற்றியதை வீட்டில் சொல்லுங்கள். சத்தம் நின்ற பிறகு, நெடுநாளாகப் பதில் எழுதாமல் வைத்திருக்கும் ஒருவருக்கு நிதானமாக நாலு வரி எழுதுங்கள். தமிழில் டைப் செய்யத் தெரியாவிட்டால் ஆங்கில எழுத்தில் அடித்தாலும் பரவாயில்லை. படிக்கிறவருக்குக் கண்டிப்பாகப் புரியும்.